மல்லித் தோட்டத்து மிக்ஸிகள்

பாஸ்கல்: இன்னா மச்சான், மல்லித் தோட்டத்துல மிக்ஸி காய்ச்சுக் கெடக்குது?

வீரராகவன்: டேய்... பாஸ்கலு! எத்தினி வருஷம் ஆச்சுடா. வா, வா.

பாஸ்கல்: சென்னீர்குப்பம் அடையாளமே தெரில. குமணன்சாவடில உன் பேரச் சொல்லி வழி கேட்டா, மிக்ஸி குப்பை வீரராகவனான்னு கேக்குறாங்க.

வீரராகவன்: முன்னெல்லாம் பூக்காரவூடுன்னு சொல்வாங்க.

பாஸ்கல்: நீ வந்து ஒக்காந்தா கிளாஸ் பூரா மணக்குமே...

வீரராகவன்: விடியக்காலைல பூப் பறிச்சுட்டு அப்டியே பள்ளிக்கூடம் வருவேன்ல. அப்புறம் கெணத்துல தண்ணி கீழ போயி, செடி காஞ்சுது. சும்மாதானே கெடக்குதுன்னு அந்தக் கடைக்காரன் நெலத்த வாடகைக்குக் கேட்டான். பழைய மிக்ஸி குடு, புதுசு எடுத்துக்கோன்னு பேப்பர்ல போடுறானே, அவன்தான். வாங்குன பழச இங்க கொட்டுறான்.

பாஸ்கல்: கொட்டுனத நீ இன்னா பண்ணணும்?

வீரராகவன்: சம்மட்டியால ஒடைக்கணும். பழசு ஓடிக்கினே இருந்தா புதுச யாரு வாங்குவான்னு கேக்குறான்... நீ இன்னும் அந்த அம்பத்தூர் மிக்ஸி கம்பெனிலதான் கீறியா?

பாஸ்கல்: அத வுட்டு ரொம்ப நாளாச்சு. இந்தா, இது எங்க கம்பெனி மாடல், எண்பத்தி நாலுல வந்தது. அடில பாரு, நாலு ஸ்க்ரூ. அத முடுக்குறதுதான் என் வேலை. அடுத்த டேபிள்ல ஹில்டா ஓட்டிப் பாப்பா.

வீரராகவன்: ஓட்டிப் பாத்து ஒன்னியே கட்டிக்கினா.

பாஸ்கல்: சத்தம் ஜாஸ்தின்னு வேணும்னே திருப்பி அனுப்புவா. நான் தூக்கிக்கினு போயி அவ முன்னாடி நிக்கணும்... அப்புறம் புது டிசைன் வந்துச்சு. ஸ்க்ரூ கெடையாது, அடித்தட்டப் பசை போட்டு ஒட்டிட்டாங்க. கெட்டா பிரிக்கவே முடியாது. ஸ்க்ரூ இல்லன்னா நான் எதுக்கு?

வீரராகவன்: அந்த ஒட்டுனதுதான்டா இங்க ஜாஸ்தி வருது. ரெண்டு வருஷம்கூட ஒழைக்கல. உள்ள கீற தாமிரத்துக்காக பசங்க கொளுத்துறானுங்க. அந்தப் பொகைல என் பொண்டாட்டி சாமுண்டீஸ்வரி இருமிக்கினே கீறா. கெணத்துத் தண்ணில எண்ணெ மெதக்குது.

பாஸ்கல்: நாம நீச்சல் கத்துக்கின கெணறா?

வீரராகவன்: ம்... அதேதான்.

பாஸ்கல்: ஆமா... இத்தினி குப்பைல ஸ்க்ரூ வச்சது இது ஒண்ணுதான் கீது. மத்ததெல்லாம் எங்க?

வீரராகவன்: நீ எதுக்குக் கேக்குற?

பாஸ்கல்: சும்மாதான்.

வீரராகவன்: ஒன்கிட்ட சொல்றதுக்கு இன்னா... போன பொங்கலப்போ ஒண்ண ஒடைக்கத் தூக்குனேன். சாமுண்டீஸ்வரி கையப் புடிச்சிக்கினா. அதுல கஸ்தூரின்னு பேரு வெட்டிருந்துச்சு. யாரோ பொண்ணுக்கு சீரு குடுத்தது, போட்டுத்தான் பாரேன்னா. போட்டோம். ஜம்முனு சுத்துச்சுடா. ஸ்க்ரூ வச்சது முக்காவாசி இன்னும் ஓடுது, அன்னிலேர்ந்து ஓடுறத ஒடைக்க மனசு வரல. மாட்டுக் கொட்டாய்ல வைக்கோலுக்கு அடில போட்டு வச்சு, இல்லாதவங்களுக்கு சும்மா குடுக்குறோம். அண்ணனூர் வரைக்கும் போயிருக்கு.

பாஸ்கல்: கடைக்காரனுக்குத் தெரிஞ்சா?

வீரராகவன்: நெலம் வேணாம்னு போயிடுவான். அந்த வாடகைலதான் பொண்ணு நர்சு படிக்கிறா... யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கடா. இன்னிக்கு செக் பண்ண ஆள் அனுப்புறேன்னு சொல்லிக்கீறான். நல்ல நேரத்துல வந்தே. அந்த ஆள் வந்தா, நீ கொஞ்சம் பேசிப் பாரேன்.

பாஸ்கல்: அந்த ஆளு நான்தான் மச்சான். கம்பெனி வுட்டப்புறம் அவன் கடைலதான் கீறேன். டிரைவர் ரோட்டுல வண்டிய போட்டுக்கினு நிக்கிறான், அவன் காதுல வுழுற மாதிரி ஒட்டுன மிக்ஸியா ரெண்டு எடுத்துப் பலமா ஒடை. அதுக்குள்ள நான் கொட்டாய்ல இன்னும் கொஞ்சம் வைக்கோல இழுத்துப் போட்டுட்டு வரேன். வரும்போதே பாத்தேன்... ஒரு ஒயரு வெளிய நீட்டிக்கினு கீது.