பியானோவில் அந்தப் பொத்தான் கிடையாது

ராஜகீழ்ப்பாக்கத்தில், தினகரன் வீட்டு மாடி அறையில் அன்று இருந்தவர்கள் மூவர். முன்னாள் மாணவர் இசைக்குழு தொடங்கிய நாள் முதல் அதன் பாடகராக இருக்கும் சாலமோன்; அவர் மனைவியின் தம்பி, கீபோர்டு மெர்வின்; கிட்டார் தினகரன். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பாடகி கிருபா வரவில்லை. சாலமோனுக்குக் கோபம் வந்தால் முதுகு இன்னும் நேராகும். அன்று நாற்காலி முதுகை அவர் தொடவே இல்லை.

சாலமோன்: ...அதான் கேக்கறேன். காலேஜ் மேடையில நிஜ பியானோ தராங்க. வேண்டாம்னு சொல்ற ஒரே ஆள் நீதான்.

மெர்வின்: வேண்டாம்னு சொல்லல அத்தான். கீபோர்டே போதும்னு...

சாலமோன்: போதும், போதும். கல்யாண வீட்டுப் பந்திக்குப் போதும்.

தினகரன்: அண்ணா, அந்தப் பியானோல பாதி சத்தமே வரலையாம்.

சாலமோன்: சரி பண்ணியாச்சு. நேத்து நானே போய்ப் பக்கத்துல நின்னு பார்த்தேன். உன் கிட்டாரை விட சுதி சுத்தம்.

தினகரன்: என் கிட்டாரை எதுக்கு இழுக்கறீங்க?

சாலமோன்: அது தானா இழுத்துக்குது. போன வாரம் ரெண்டாவது சரணத்துல நீ ஒரு பக்கம் போன, பாட்டு ஒரு பக்கம் போச்சு.

தினகரன்: ஏதோ... எல்லாரும் சேந்து வாசிக்கறோம்...

சாலமோன்: சேந்து பிரியாணி சாப்பிடலாம். அதுக்கு சுதி வேண்டாம். எங்க வீட்டுல மூணு தலைமுறையா சர்ச் கொயர். சுதி விலகினா எங்கப்பா அன்னிக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்க மாட்டார்.

மெர்வின்: கல்யாண போட்டோவுல ஒல்லியாத்தான் இருக்கீங்க.

சாலமோன்: ...போன் வருது. கீழ போய்ப் பேசிட்டு வரேன். அதுக்குள்ள நல்ல காரணமா யோசிச்சு வைங்க.

தினகரன்: போயிட்டாரா?

மெர்வின்: படி இறங்கிட்டார்.

தினகரன்: சொல்லிடு மச்சான். கீபோர்டுல பொத்தானை அமுக்கி உங்களுக்காக சுதியை இறக்கறோம், பியானோல அந்தப் பொத்தான் கிடையாதுன்னு.

மெர்வின்: நீ சொல்லு. உன் வூடு.

தினகரன்: உன் அக்கா புருஷன்.

மெர்வின்: வருஷா வருஷம் அவருக்குத் தெரியாம இறக்கிட்டு வரோம். எனக்கு ஒரே சுதியிலதான் கை போகும், மத்ததெல்லாம் பொத்தான். பியானோல உக்காந்தா பழைய சுதிதான். மேல் வரியில அத்தான் குரல் உடைஞ்சிடும்டா. அத்தனை பேர் முன்னாடி.

தினகரன்: கிருபா வேற, "அங்கிள், இது ஒரிஜினல் சுதி இல்லையே"ன்னுது. இருமியே சமாளிச்சேன். பெரிய பேஜார்.

மெர்வின்: வராரு...

சாலமோன்: ம். காரணம் ரெடியா?

தினகரன்: எனக்கு விரல்ல வீக்கம் அண்ணா.

சாலமோன்: வீக்கம் உனக்கு. பியானோ அவனுக்கு.

மெர்வின்: எனக்குப் பியானோ வாசிக்க வராது அத்தான். கீபோர்டே சுமார்தான்.

சாலமோன்: இத்தனை வருஷமா நான் சொன்னது, இன்னிக்கு ஒத்துக்கற. மானம் போகுமேன்னு கவலை இல்ல?

மெர்வின்: என்னோடதுதான? போகட்டும்.

சாலமோன்: பியானோ இருக்கட்டும். நீயே வாசி, பழைய சுதியில. கிருபா பாடுவா. இப்ப போன்ல அவகிட்டதான் பேசினேன்.

மெர்வின்: அப்போ நீங்க?

சாலமோன்: பின்னால நின்னு கோரஸ். இவன் கிட்டாரைக் கண்காணிக்க ஒரு ஆள் வேணுமில்ல.

தினகரன்: யாராவது ஏதாவது சொன்னாங்களா?

சாலமோன்: நம்ம காலேஜ் வாட்ஸப் குரூப்ல, என்கூடப் படிச்ச எபி போட்டிருக்கான். சாலமோன் இப்பல்லாம் அரைக் கட்டை இறக்கித்தான் பாடறான், பாவம், அவனுக்கே தெரியாதுன்னு.

மெர்வின்: அவன் கெடக்கான். சுத்தப் பொய்னு பதில் போடறேன்.

சாலமோன்: போடு. பொய்தான். அரைக் கட்டை இல்ல, ரெண்டு கட்டை. ஒவ்வொரு தடவை நீங்க இறக்கும்போதும் எனக்குத் தெரியும்.