பத்திரம் சொல்லக் கூப்பிட்ட போன்

ஓட்டுநர் சங்கத்தின் ஓயாத சக்கரமாய்ச் சுழலும் தலைவர் அவர்களே! "சீக்கிரம் முடி" என்று கண்ணாலேயே சிவப்பு விளக்குப் போடும் செயலாளர் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! ஹாரனையே தாய்மொழியாகக் கொண்ட தம்பிமார்களே! வணக்கம்.

நசுங்கிய வண்டிகளை நிமிர்த்தும் பட்டறைக்காரன் நான். என்னிடம் வந்த எவராவது "நான் போய் இடித்தேன்" என்று சொன்னதுண்டா? இல்லை! சுவர் வந்து இடித்ததாம்! மரம் குறுக்கே பாய்ந்ததாம்! முகப்பு நொறுங்கி வந்தால், எதிரே வண்டி வரும்போதே முந்தப் பார்த்தவர். பக்கவாட்டில் நசுங்கி வந்தால், நாற்சந்தியில் "அவன் நிப்பான்னு நெனச்சேன்" என்றவர். கூரை சப்பையாகி வந்தால், வளைவிலும் வேகம் குறைக்காத வீரர். யாரப்பா அங்கே சிரிப்பது? உன் வண்டி இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது!

ஆனால் போன மாதம் வந்த ஒரு டாக்ஸி என்னைச் சிரிக்க விடவில்லை. முன்னே நின்ற லாரியின் முதுகில் மூக்கை நுழைத்த வண்டி. ஓட்டியவர் என் அத்தான். அதோ, காலில் மாவுக்கட்டோடு முதல் வரிசையில் முறைக்கிறாரே, அவரேதான்! குடித்தாரா? இல்லை. தூங்கினாரா? இல்லை. பறந்தாரா? அவர் ஓட்டினால் சைக்கிள்கூட முந்திப் போகும்! போன் எடுத்தார் ஐயா, போன் எடுத்தார்! கூப்பிட்டது யார்? என் அக்கா. என்ன சொன்னாள் தெரியுமா? "பாத்து, பத்திரமா ஓட்டுங்க!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நம் எல்லோர் வீட்டு வழக்கமும் இதுதானே? பாசத்தில் கூப்பிடுகிறோம், பயத்தில் எடுக்கிறார்கள். அடுத்த வாரம் அத்தானுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். கால் சரியானதும் ஸ்டியரிங்கைத்தான் பிடிப்பார். ஆகவே இந்த அவையிலேயே கேட்கிறேன். அக்கா, அவர் ஓட்டும்போது கூப்பிடாமல் இருப்பாயா?

எழுந்துவிட்டாள்! மைக்கை அங்கே கொடுங்கள். என்ன சொல்கிறாய்?

"அவரு எடுக்கலன்னா எனக்கு உயிரே போயிடுதேடா தம்பி!"

தெரியும் அக்கா. ஆனால் அன்றைக்கு எடுத்தாரே! இடித்த சத்தத்தை முதலில் கேட்டது உன் காதுதானே?

அழாதே அக்கா, உட்கார். அதோ, அத்தான் கையைத் தூக்குகிறார்.

"இந்தாம்மா, வண்டிய ஓரங்கட்டிட்டு நானே கூப்பிடுறேன். போதுமா?"

தலையாட்டிவிட்டாள்! தாய்மார்களே, போன் அடித்தும் அவர் எடுக்கவில்லையா? அவர் கண் சாலையில் இருக்கிறது, கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, உங்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. என் பட்டறைப் பக்கமே வராமல் நீங்கள் எல்லோரும் நூறாண்டு வாழ வேண்டும். வணக்கம்!