டிராயரில் விழித்திருக்கும் கைக்கணினிகள்

தலைமையேற்றிருக்கும் மின்பொருள் விற்பனையாளர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, சக வியாபாரிகளே! நிதானமாகப் பேசும்படி தலைவர் சொன்னார். நிதானம் இன்று என்னிடம் இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நம்மை விட்டுப் பிரிந்த கைக்கணினிக் காவலர், நம் குச்சி அண்ணன் யார்? உள்ளங்கையில் அடங்கும் கணினியை இந்தத் தெருவில் முதன்முதலாக விற்றவர். "இது கால்குலேட்டரா?" என்று கேட்டவர்களை உட்காரவைத்து, திரையில் குச்சியால் எழுதிக் காட்டியவர். எழுதியது எழுதியபடியே, அவரவர் கையெழுத்தாகவே உள்ளே நிற்கும். டாக்டர்கள் வாங்கினார்கள், வக்கீல்கள் வாங்கினார்கள். எதிர்க்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

காகிதத்தின் காலம் முடிந்தது என்று சொல்லி விற்றவர், தாமும் அதன்பின் காகிதத்தைத் தொடவில்லை. மளிகைச் சாமான் பட்டியல்கூட மிஷினில்தான். "ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? வாங்குறவன் சிரிக்க மாட்டானா?" என்பார்.

பிறகு செல்போன் வந்தது. சரக்கு தேங்கியது. பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்போம். அவர் என்ன செய்தார்? அவர்கள் விட்டுப்போன அத்தனை மிஷினுக்கும் பேட்டரி தீரத் தீர மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த மிஷின்களில் பேட்டரி தீர்ந்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். "உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டேன். "ஆளு என்னைக்கு வேணா வருவாரு. வெறும் டப்பாவையா கையில கொடுக்குறது?" என்றார். வாடிக்கையாளர் மிஷின்களுக்கு மாற்றிய பிறகே தம்முடையதைத் தொடுவார்.

அவர் படுக்கையில் விழுந்தது முதல் கடை பூட்டிக் கிடக்கிறது. சற்றுமுன் அண்ணியிடம், நினைவு மலரில் போட அண்ணன் கையெழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். "வீடு முழுக்கத் தேடிட்டேன் தம்பி. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. எல்லாம் கடை டிராயர்ல, அவரு மிஷின்லதான் இருக்கு. அது இன்னும் உயிரோட இருக்குமா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை, தோழர்களே. அதுதான் என்னை நிற்கவிடாமல் படுத்துகிறது. இங்கே நாம் வரிசையாக அவர் புகழ் பாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. இது அடுக்குமா?

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று கை உயர்த்தி உறுதி சொல்வது வழக்கம். இன்று கை மட்டும் போதாது, கால்களும் வேண்டும். தலைவர் மன்னிக்க வேண்டும்; மீதி உரைகளைப் பிறகு கேட்கிறோம். பேட்டரி என் கடையில் இருக்கிறது. அண்ணி, சாவியோடு எழுந்திருங்கள்.

அண்ணன் இருந்திருந்தால் வாடிக்கையாளர் மிஷினுக்கு முதலில் மாற்றச் சொல்வார். இன்று ஒரு நாள் அவர் பேச்சை மீறுகிறோம். அண்ணனுடையதைத்தான் முதலில் திறப்போம். அந்த மிஷினைக் கேட்டு ஆள் வந்துவிட்டார், நம் அண்ணி.