மீனோடு உறைந்த பத்திரிகைகள்

திருவொற்றியூர் பேருந்தில் என் முன்சீட்டில் இருந்த நூலகர் தன் தோழியிடம் சொன்னார்:

"வெள்ளத்துல நனைஞ்ச பழைய பத்திரிகை எல்லாத்தயும் காசிமேட்டுல மீன் ஃப்ரீசர்ல வெச்சிட்டேன்க்கா."

"இன்னாடி, மீனோடயா?"

"ஈரத்தோட உட்டா பூஞ்சை புடிச்சிரும்க்கா. உறைஞ்சிட்டா கெடாது. எங்க ஆபீசரு தூக்கிப் போடுன்னாரு. நான் கேக்கல. மாமாவோட ஃப்ரீசர்ல எடம் கேட்டு வாங்கிட்டேன். இப்ப கொஞ்சங்கொஞ்சமா எடுத்து ஃபேன் காத்துல காய வெச்சிகினு கீறேன்."

"தாளு கிழியலயா?"

"ஒண்ணொண்ணா அழகா பிரியுது. எழுத்தெல்லாம் அப்டியே கீது. நேத்து அந்த ஆபீசரே வந்து பாத்தாரு."

"மீன் நாத்தம் அடிச்சிருக்குமே?"

"அடிக்காம? மூக்க மூடிகினு சாயந்தரம் வரைக்கும் படிச்சாருக்கா."