எடிட்டருக்குள் மாட்டிக்கொண்டவர்கள்

இந்த அறையில் மாத்தே டீ நன்றாகப் போடுகிறார்கள். எங்கள் மாடியில் சர்க்கரையைக் கொட்டிக் கெடுத்துவிடுவார்கள். சுல்மாவை வேலையை விட்டு அனுப்புவதா வேண்டாமா என்பதுதானே விசாரணை, அதிகாரி அம்மா? பாவம், அவள் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடுகிறது. சொல்கிறேன், தட்டச்சுத் தம்பி நிதானமாக அடிக்கட்டும்.

இந்தப் படகுக் கம்பெனியில் நாங்கள் கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்து வேலை செய்கிறவர்கள். சில கமாண்டுகள், எழுதித் திருத்துவதற்காகத் தாமாகவே ஒரு எடிட்டரைத் திறக்கும். எந்த எடிட்டர் என்பதைச் சர்வரில் ஒரு வரியில் சொல்லி வைக்க வேண்டும். அந்த வரி என் பொறுப்பு. நான் வைத்திருந்தது பழைய எடிட்டர். அதைத் திறக்க எல்லோருக்கும் தெரியும்; மூடத் தெரிந்தவன் கொலோனியா துறைமுகத்திலேயே நான் ஒருவன்தான்.

"எரிபெர்த்தோ அண்ணே, திரும்பவும் மாட்டிக்கிட்டேன். வந்து காப்பாத்துங்க."

இப்படி ஆள் மாற்றி ஆள் வருவார்கள், கையில் சூடாக மாத்தேயோடு. நான் மெதுவாக எழுந்துபோய் நாலு விசை தட்டுவேன். புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படி உபசாரம் நடந்திருக்காது.

அப்புறம் சுல்மா வேலைக்கு வந்தாள்.

"எழுத வந்தவனைப் பிடிச்சு ஜெயில்ல போடுற எடிட்டர் நமக்கு எதுக்குண்ணே? வெளியே போற விசை எதுன்னு கீழேயே காட்டுற எடிட்டர் இருக்கே."

கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வரி மாறியது. அதோடு என் மேசைக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

அதனால் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். அவளுடைய எடிட்டரின் பெயரைச் சொன்னால் என்னுடையது திறக்கும். கீழே அதே உதவி வரியையும் அழகாக ஒட்டினேன். அதில் காட்டும் விசைகள் மட்டும் வேலை செய்யாது. முடித்தபோது சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலையிலேயே மூடுபனி எச்சரிக்கை வந்தது. படகு முன்கூட்டியே கிளம்ப வேண்டும், பயணிகளுக்குப் புது நேரம் போக வேண்டும். சுல்மா நேரத்தை மாற்றி எழுதினாள். சேமித்து வெளியே வர முடியவில்லை. கீழே காட்டிய விசைகளையே திரும்பத் திரும்பத் தட்டினாள். பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "அண்ணே" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். பிடிவாதக்காரி, கூப்பிடவில்லை. படகு காலியாகப் புறப்பட்டது. பழைய நேரத்தை நம்பி வந்த கார்னிவல் ஆட்டக் கோஷ்டி ஒன்று முகமெல்லாம் சாயத்தோடு, முரசைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்று டாட்டா காட்டியது. பழி அவள் தலையில் விழுந்தது.

ஆகவே, அம்மா, அவளை அனுப்ப வேண்டாம். வரியை மாற்றியவன் நான். யாருக்கும் கெடுதல் நினைத்து அல்ல, ஒருவருக்கொருவர் உதவியாக இருக்கத்தான். இந்த அறைக் கணினியையும் காலையில் நானே சரிசெய்து வைத்தேன்.

என்ன தம்பி, முழிக்கிறீர்கள்?

"அண்ணே, வாக்குமூலத்தைச் சேமிச்சு மூட மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

இதோ வந்துவிட்டேன். பார்த்தீர்களா அம்மா, இந்தத் தம்பிக்கு இருக்கிற நல்ல குணம் சுல்மாவுக்கு இல்லையே.