கால் தரையில் நின்ற நாள்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் மாலை கொமுட்டர் ரயில். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் காய்கறிப் பை. தொழிற்சாலைச் சீருடையில் இருந்த குள்ளமானவள் திடீரென்று சொன்னாள்:

“அக்கா, இன்னிக்கு முழுக்க என் கால் தரையிலயே இருந்துச்சு.”

நான் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டேன்.

“ஏன், முன்னே பறந்துக்கிட்டா இருந்தே?”

“ஆமா லா. எங்க ஸ்டோர்ல பிளாஸ்டிக் பெட்டி என் நெஞ்சு உயரம். அடியில கிடக்கிற சாமானை எடுக்கணும்னா வயித்தை விளிம்புல வச்சுத் தலைகீழாத் தொங்கணும். ஒன்பது வருஷமாத் தொங்கினேன். இன்னிக்குப் புதுப் பெட்டி வந்துச்சுக்கா. முன்பக்கச் சுவர்ல பாதி, கதவு மாதிரி கீழே இறங்குது!”

“நெசமாவா?”

“இன்னும் கேளுங்க. காலியானதும் நாலு சுவரையும் உள்ளே மடிச்சுப் படுக்க வச்சேன். முழங்கால் உயரம்கூட இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா, மேல் பெட்டியோட கால் கீழ்ப் பெட்டிக் குழியில கச்சிதமா உக்காந்துக்குது. தள்ளிப் பாத்தேன், அசையல. மூணு லோரியில திரும்பிப் போற காலிப் பெட்டி ஒரே லோரியில போயிருச்சு. எல்லாரும் லோரியையே பாத்தாங்க. நான் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நின்னேன்.”

மூத்தவள் மடியிலிருந்த காய்கறிப் பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

“எங்கேயோ உக்காந்து இந்தப் பெட்டியை வரைஞ்சவன், இங்க குள்ளமா ஒருத்தி குனிவாளேனு நினைச்சிருக்கான் பாருங்கக்கா.”

“வரைஞ்சவன்னு ஏன் சொல்றே? வரைஞ்சவளா இருக்கும். அவளும் தொங்கியிருப்பா.”