ஆணியில் தொங்கும் பை

— கம்ப்யூட்டர்ல வரிசையா பாட்டுப் பேரு இருக்கு. அமுக்கினா ஃபைலக் காணோம்னு சொல்லுது. ஒண்ணு ரெண்டு இல்ல ரவி, அம்மா பாடினது அத்தனையும்! என்னடா பண்ணி வெச்ச?

— அரே சுகுணாக்கா, வீட்ல எது போனாலும் நான்தானா? ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு.

— மூணு தடவ பண்ணிட்டேன். காணாமப்போனது அணைச்சுப் போட்டா வந்துருமா? அந்தக் கதைய ஜங்லிகாட்ல உன் மொபைல் கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்லு.

— அப்ப வைரஸ். பக்கா வைரஸ்.

— நல்ல ரசனையுள்ள வைரஸ்தான். நீ மெமரி கார்டுல ஏத்தி விக்கிற டப்பாங்குத்து ஒண்ணு விடாம அப்படியே இருக்கு. அம்மா குரல மட்டும் தேடித் தின்னுட்டுப் போயிருக்கு.

— சோடோ அக்கா, விடு. காலைல பாத்துக்கலாம்.

— காலைல நான் கப்பல் ஏறணும்டா! பொட்டி கட்டியாச்சு, மெட்ராஸ்ல வேலைக்கு வரச் சொல்லியாச்சு. அம்மா குரல் இல்லாம தீவ விட்டு மெயின்லேண்டுக்குப் போறதா? கேசட்டுல நாடா அறுந்து எப்பவோ குப்பையாப் போச்சு. மிச்சம் இருந்தது இதுக்குள்ள மட்டும்தான். உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா இப்படி மரமா நிக்குற? நகரு. இந்தப் பட்டியல் இருக்கே, இதுல பாட்டு கெடையாது. பாட்டு எங்க இருக்குங்கற விலாசம்தான் இருக்கு. அந்த விலாசத்துக்குப் போனா ஃபோல்டர் இருக்கு, உள்ள காலி. குப்பைத்தொட்டிலயும் இல்ல. மெஷின் பூரா தேடச் சொன்னேன், எங்கயுமே இல்லங்குது.

— ஹார்டு டிஸ்க் போயிருக்கும். பழைய சரக்குதானே.

— அதெப்படிடா ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் போகும்? எவனோ எடுத்து வெளிய கொண்டு போயிருக்கான். ஃபோல்டர் கடைசியா மாறின தேதிய நீயே படி.

— ஏப்ரல்...

— சத்தமாப் படி.

— ஏப்ரல்ல நெலம் ஆடிச்சுல்ல, அதுக்கு மறுநாள்.

— மறுநாள் நான் காலேஜ்ல கடைசிப் பரீட்சை எழுதிட்டிருந்தேன். இந்த நாற்காலில யாரு உக்காந்திருந்தா?

— கசம் சே அக்கா, சத்தியமா நான் என் இஷ்டத்துக்கு...

— கசம் கிசம்னா கன்னத்துல விழும்.

— காப்பி எடுக்கறேன்னுதான் நான் சொன்னேன். கட் பண்ணச் சொன்னாரு. பென்டிரைவ்ல ஏத்திட்டு இங்க ஒரு சொட்டு மிச்சம் வெக்காதன்னாரு. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னும் சொன்னாரு. நான் என்ன பண்ண?

— யாரு சொன்னாரு?

— அப்பா.

— அப்பாவா? மௌஸத் தொட்டா ஷாக் அடிக்கும்னு எட்டி நிக்கிற ஆளுடா அவரு! அப்பா! அடுப்ப அணைச்சுட்டு இங்க வாங்க!

— என்னத்துக்குப் புள்ள இந்தக் கத்து கத்துற? பக்கத்து வீட்டு பெங்காலிக்காரங்க எட்டிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். டெய்ரி ஃபார்ம் ஏரியா பூரா கூடிப் பாக்கட்டும். அம்மா பாட்டு எங்க?

— பத்திரமா இருக்கு.

— எங்க பத்திரமா?

— அந்தா, கதவாணியில. பைக்குள்ள பிளாஸ்டிக்கு சுத்தி வெச்சிருக்கேன், ரேசன் கார்டோட.

— ஓடுற பைலயா! தண்ணி வந்தா தூக்கிட்டு ஓடணும்னு இத்தன வருஷமா மாட்டி வெச்சிருக்கீங்களே, அந்தப் பைலயா? ஒரு டார்ச்சு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டு, ரேசன் கார்டு, கூடவே எங்கம்மா! எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலல்ல?

— கேட்டா நீ ஒத்துக்க மாட்ட.

— ஏன் ஒத்துக்கணும்? நீங்க மாயாபந்தர் பெரியப்பா வீட்லேருந்து கேசட்ட கொண்டு வந்தப்ப எப்படி இருந்துச்சு? உப்புப் பூத்து, நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி. பஞ்சுல தொடச்சுத் தொடச்சு, பாடப் பாட மெஷின்ல ஏத்தினவ நான். அட்டன் தேயிலைத் தோட்டத்துல இருக்கற தன் அக்காவுக்கு அனுப்பறேன்னு அம்மா பாடினது. நடுவுல பாட்ட நிறுத்திட்டு கோழிய விரட்டுவா. அந்த "ஸூ" கூட வெட்டாம வெச்சிருந்தேன். அத இவன விட்டு உருவி எடுத்திருக்கீங்க!

— அக்கா, தீரே தீரே, மெதுவா. அவரு கெட்டதுக்குப் பண்ணல.

— நீ வாய மூடு. போய் அந்தப் பென்டிரைவ எடுத்துட்டு வா. எனக்கு ஒண்ணு எடுத்துக்கறேன், இந்த மெஷின்லயும் திரும்ப ஏத்தறேன்.

— நீ கொண்டு போறத கொண்டு போ, தாயி. மிசினுல மட்டும் ஏத்தாத.

— மெஷின் என்ன பாவம் பண்ணிச்சு?

— நெலம் ஆடுனன்னிக்கு நீ என்னா செஞ்ச?

— எல்லாரையும் மாதிரி மேட்டுக்கு ஓடினேன்.

— பாதி ரோட்டுல திரும்புன. நான் கூப்புடக் கூப்புடத் திரும்புன. தண்ணி வருதுன்னு மைக்குல கத்துறான், சனம் பூரா மேல ஏறுது, நீ ஒருத்தி கீழ எறங்குற. அப்பறம் இந்தப் பொட்டிய இடுப்புல வெச்சுக்கிட்டு வர்ற, வயரு ரோட்டுல இழுபடுது.

— தண்ணிதான் வரலையே!

— வந்திருந்தா?

— வந்திருந்தா வந்திருக்கும். அம்மா குரல் உள்ள இருந்துச்சு, போனேன்.

— அதத்தான் சொல்றேன். உள்ள இருந்தா நீ போவ. நீ கப்பல் ஏறிட்டா அடுத்து ரவி போவான். வீட்டுக்குள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது.

— அம்மா போனா மட்டும் சரியா? கச்சால் தீவுல சுனாமியன்னிக்கு என் புத்தகப் பைக்காகத் திரும்பிப் போனவதானே! நானும் இவனும் முன்னாடி ஓடி மேல நின்னோம். பைய உங்க கைல எறிஞ்சுட்டுத் தண்ணியோட போனான்னு நீங்கதான் சொன்னீங்க. கேம்ப்ல சொன்னீங்க. ஒவ்வொரு பரீட்சைக்கும் சொன்னீங்க. கண்ணு சொருகினா, உங்கம்மா உசுரக் குடுத்து எடுத்த புத்தகம்னு உலுக்கி எழுப்புனீங்க. எனக்குப் புடிச்சுதா புடிக்கலயான்னு யாரு கேட்டா? செத்துப்போனவளுக்காகப் படிச்சேன். கச்சால் ரப்பர் தோட்டத்துக் குடும்பங்கள்லயே டிகிரி வாங்கின மொத ஆளுன்னு மாலை போட்டப்ப, அழக்கூட முடியாம நின்னேன்!

— அக்கா, பஸ் கரோ, போதும். இதுக்கு மேல அவர நோண்டாத.

— நோண்டத்தான் செய்வேன்! புத்தகத்துக்கு அவ திரும்பிப் போனா தியாகம், பாட்டுக்கு நான் திரும்பிப் போனா திமிரா? பதில் சொல்லுங்கப்பா!

— மாயாபந்தருக்கு எந்தக் கேசட்டும் போகல.

— என்ன சொல்றீங்க?

— அந்த உப்பு எங்க புடிச்சுதுன்னு நீ ஒரு நாளும் கேக்கல, நானும் வாயத் தொறக்கல.

— அப்பா...

— பொஸ்தகப் பை வீட்ட விட்டு எறங்குறப்பவே என் தோள்ல தொங்குச்சு, தாயி. அவ திரும்பிப் போயி எடுத்து எறிஞ்சது கேசட்டுப் பைய.